கோவையில் குடியேறுகிறவர்களுக்கு: வாடகை வீடு முதல் சொந்த வீடு வரை கைக்காசுக் கணக்கு

கோவைக்கு வேலை மாறி வருகிறவர்கள் முதலில் கேட்பது "அங்கே வாடகை எவ்வளவு?" என்றுதான். அது பாதிக் கேள்வி. ஆளைத் தடுக்கி விழ வைப்பது மாதக் கணக்கைவிட, சாவி வாங்குகிற அன்றைக்குக் கையிலிருந்து போகிற மொத்தத் தொகை. வாடகைக்கும் அப்படித்தான், சொந்த வீட்டுக்கும் அப்படித்தான். அந்தத் தொகை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம். சட்டமும் வரியும் தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால் திருப்பூர், ஓசூர் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வேலை இடம், பிறகு வாடகை

கோவை ஒரே நகரம்போலத் தெரிந்தாலும் வேலையைப் பொறுத்து நாலைந்து ஊர். ஐடி வேலை என்றால் சரவணம்பட்டி, கீரணத்தம், காளப்பட்டிப் பக்கம், இல்லாவிட்டால் பீளமேடு டைடல் பார்க். பம்ப், மோட்டார், பவுண்டரி, லேத் பட்டறை வேலை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமும் குறிச்சி சிட்கோவிலும். மில், ஜவுளி என்றால் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சூலூர் வழி. வடவள்ளியில் வாடகை குறைவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே வீடு எடுத்துக்கொண்டு கீரணத்தத்துக்கு வேலைக்குப் போகிறவர் ஊரையே குறுக்கே வெட்டிப் போகிறார்.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். ஒரு வழிக்கு 18 கிலோமீட்டர், போய் வர 36. மாதம் 25 நாள் என்றால் 900 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிற பைக்குக்கு 20 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 2,000 ரூபாய். வண்டித் தேய்மானம் தனி. ஆகவே வேலை இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் 1,500 ரூபாய் கூடுதல் வாடகையில் ஒரு வீடு கிடைத்தால் அதுதான் மலிவு. வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அரசு டவுன் பஸ்களில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கோவையில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் இந்தச் சலுகை இல்லை. உங்கள் நிறுத்தத்துக்கு எது அதிகம் வருகிறது என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும்.

தேடுகிற விதம்

புரோக்கர் மூலம் போனால் வழக்கமாக ஒரு மாத வாடகை கமிஷன். அதை மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, தேர்ந்தெடுத்த வட்டத்துக்குள் தெருத்தெருவாக நடக்க வேண்டும். கேட்டில் 'டூ லெட்' அட்டை தொங்கும். அட்டை இல்லாத வீடுகளைப் பற்றி பால் பூத்திலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. ஆனியில் காலியான வீடு ஆளில்லாமல் ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும். மாதம் பார்க்காதவர்களுக்கு அதுதான் பேரம் பேசும் காலம். வாடகையைக் குறைக்க மறுக்கிற வீட்டுக்காரர்கூட அட்வான்சை இரண்டு மாதம் குறைக்கச் சம்மதிப்பார். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி மாறும் குடும்பங்களோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

வீட்டைப் பார்க்கும்போது: தண்ணீரும் மீட்டரும்

டைல்ஸையும் கப்போர்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் மொட்டை மாடிக்கும் மீட்டர் பெட்டிக்கும் போங்கள்.

"நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, எத்தனை மணி நேரம் விடறாங்க?" இந்தக் கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்காமல் அங்கே குடியிருக்கிறவரிடம் கேளுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவுக்கும் முழுக்க போர் தண்ணீரை நம்பிய தெருவுக்கும் செலவு வேறு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாய் முனையிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளைப் படிவு காணலாம். அந்த வீட்டில் குடிக்க, சமைக்க கேன் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும். கீழ்த் தொட்டி எவ்வளவு பெரியது, எத்தனை வீட்டுக்குப் பொது என்பதையும் பாருங்கள். ஐந்து வீட்டுக்கு ஒரே தொட்டி என்றால் கோடையில் லாரித் தண்ணீருக்குப் பங்கு கேட்பார்கள்.

அடுத்தது மின்சாரம். வாடகைச் சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி இணைப்புள்ள வீட்டில் இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓடினால் பில் 300 ரூபாய்க்குள்தான் வரும். அதே 200 யூனிட்டுக்கு, வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து "யூனிட் எட்டு ரூபாய்" என்று வாங்கினால் 1,600 ரூபாய். லைன் வீடுகளில் இது சகஜம். எல்லா வீட்டு ஓட்டமும் ஒரே இணைப்பில் சேர்வதால் யூனிட் விலை உச்ச அடுக்குக்குப் போய்விடும், அந்தச் சுமையை உங்களிடம் இறக்குவார்கள். ஆகவே இணைப்பு எண் எந்த வீட்டுக்கு, கடைசி பில் எவ்வளவு என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். தனி மின் இணைப்பு இருக்கிற வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் வாடகை கூட இருந்தாலும் அதையே எடுக்கலாம்.

அட்வான்ஸ், ஒப்பந்தம்

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு வாசலையும் திறந்து விட்டிருக்கிறது. அதனால்தான் ஐந்து மாதம், சில இடங்களில் பத்து மாதம் கேட்பது நிற்கவில்லை. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும். "மூணு மாசம்தாங்க சட்டம், நான் அஞ்சு தர்றேன்" என்று பேச்சைத் தொடங்குவதற்கு அது உதவும்.

10,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு நுழைவுச் செலவைக் கூட்டிப் பாருங்கள்: அட்வான்ஸ் 6 மாதம் 60,000, முதல் மாத வாடகை 10,000, புரோக்கருக்கு 10,000, சாமான் ஏற்றி இறக்க 6,000. ஆக 86,000. மாதம் 40,000 வாங்குகிறவருக்கு இரண்டு மாதச் சம்பளம் அப்படியே போகிறது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். "11 மாதம்தானே, நோட்டரி போதும்" என்பது பழைய காலப் பேச்சு. பதிவில்லாவிட்டால் பின்னால் வாடகை நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுத வேண்டியவை: அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார் (சட்டப்படி ஒரு மாதம்), வாடகை எப்போது எவ்வளவு ஏறும், மின்சாரத்துக்கு யூனிட் விலை, மோட்டார் செலவில் பங்கு. கடைசியாகப் பெயிண்ட். காலி செய்யும்போது 'வெள்ளையடிக்க' என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது எழுதாத வழக்கம். இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் பிடித்தம் கிடையாது என்றோ, உண்மையான செலவு மட்டும் என்றோ எழுதிக்கொள்ளுங்கள். குடிபோகிற அன்றைக்கே சுவர், குழாய், ஜன்னல் கண்ணாடி, மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பாதி வாக்குவாதம் பிறக்காமலே போகும்.

அட்வான்சை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகப் போனால் அதுவே ரசீது.

போக்கியம்: மலிவாகத் தெரிவது

"ஆறு லட்சம் கொடுங்க, மூணு வருஷம் வாடகையே வேண்டாம், காலி பண்றப்போ பணத்தை அப்படியே திருப்பித் தர்றேன்" என்பார்கள். கணக்குப்படி நல்ல பேரம்தான். ஆறு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் வருடம் 42,000, மாதம் 3,500. அதே வீட்டு வாடகை 9,000 என்றால் மாதம் 5,500 மிச்சம்.

ஆனால் மாதாமாதம் வருகிற வாடகையை விட்டு மொத்தமாகப் பணம் கேட்கிறவருக்குப் பெரும்பாலும் பண நெருக்கடி இருக்கும். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். கடன் முந்தியது, உங்கள் போக்கியம் பிந்தியது என்றால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் ஆறு லட்சத்துக்கு அந்த ஆளைத் தேடிக்கொண்டு அலைவீர்கள். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் பதிவுத் துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கம் (அதன் மேல் பதிவாகியிருக்கிற கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், அசல் பத்திரம் அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள் (ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம்), போக்கியத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் போக்கியம் வேண்டாம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருப்பதை நம்பிச் சேமிப்பு முழுவதையும் தூக்கிக் கொடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வாங்கலாமா?

45 லட்ச ரூபாயில் புதிய அபார்ட்மென்ட் ஒன்று, கட்டிக்கொண்டிருக்கும் நிலையில். வங்கி 80 சதவீதம், அதாவது 36 லட்சம் கடன் தருகிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. "அப்போ ஒன்பது லட்சம் இருந்தால் போதும்" என்று நினைத்துத்தான் பலரும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாட்டுகிறார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் அந்த மதிப்பில் சேராது. அது முழுக்க உங்கள் கைக்காசு.

கூட்டலாம். சொந்தப் பங்கு 9 லட்சம். புதிய அபார்ட்மென்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, முத்திரைத் தீர்வை 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும்: 2,70,000. ஜிஎஸ்டி 1 சதவீதம்: 45,000. வங்கியின் கடன் பரிசீலனைக் கட்டணம், வக்கீல், மதிப்பீட்டாளர், அடமான ஆவணப் பதிவு: அரை லட்சத்துக்குக் குறையாது. குடிபோக வேண்டுமே! கப்போர்டு, கிரில், விளக்கு, ஃபேன், சங்கத்துக்கு முன்பணம் என்று சிக்கனமாகப் போனாலும் 2 லட்சம். ஆக ஒன்பது இல்லை, ஏறக்குறைய 15 லட்சம் கையில் வேண்டும்.

அந்த 1 சதவீத ஜிஎஸ்டியில் ஒரு பள்ளம் இருக்கிறது. மொத்த விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்பெட் பரப்பு (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால்தான் அது. தாண்டினால் 5 சதவீதம். மொத்த விலை என்பது கார் பார்க்கிங், 'கார்னர் பிளாட்' கூடுதல், வசதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து. 44 லட்சம் விலை, பார்க்கிங் 2 லட்சம் என்றால் 46 லட்சம், ஜிஎஸ்டி 46,000 இல்லை, 2,30,000. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. மறுவிற்பனை வீட்டுக்கும் கிடையாது, ஆனால் அதற்குப் பதிவுச் செலவு 7 + 2 என்று 9 சதவீதம்.

மாதத் தவணை: 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய். 36 லட்சத்துக்கு 31,250 சுமார். முதல் வருடம் நீங்கள் கட்டுகிற 3.75 லட்சத்தில் அசலில் கழிவது ஏறக்குறைய 72,000 மட்டுமே, மீதி வட்டி. அதே வீடு 15,000 வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் பெங்களூருக்கோ சென்னைக்கோ மாறிப் போகக்கூடியவர் இதை வாங்கினால் பதிவுச் செலவைக்கூட மீட்க முடியாது. ஏழெட்டு வருடம் இங்கேயே என்று உறுதியானவர் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம். எங்கள் கருத்தில், எல்லாத் தவணைகளும் சேர்த்து கைக்கு வரும் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வங்கி அதற்கு மேலும் தரத் தயாராக இருக்கும் என்பதால் இந்தக் கோட்டை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்ப வருமானம் வருடம் 9 லட்சத்துக்குள், நாட்டில் வேறெங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லை, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக வரும். கைக்கு வரும்வரை அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சைட் வாங்குகிறவர்களுக்கு

கோவையில் மனையைச் 'சைட்' என்பார்கள், அளவைச் சென்டில் சொல்வார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் 1,307. விளம்பரத்தில் சென்ட் விலையும் பத்திரத்தில் சதுர அடியும் இருக்கும், பெருக்கிச் சரிபாருங்கள். தெற்குப் பார்த்த சைட் கொஞ்சம் குறைத்தே பேசப்படும். வாஸ்து பார்க்காதவருக்கு லாபம், ஆனால் விற்கும் நாளில் அதே தள்ளுபடியை நீங்களும் தர வேண்டும்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல் காதில் விழுந்தால் நில்லுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) ஒப்புதல் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டு மனையாகப் பதிவான அங்கீகாரமில்லாத சைட்டுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் திட்டம் வந்தது. அப்படிப் பழைய பதிவுள்ள மனையை மறுபடி கிரயம் செய்ய முடிகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். "பத்திரம் பதிவாகிவிட்டது, இனி என்ன" என்று இருந்தால், வரன்முறை ஆணை இல்லாத மனைக்குக் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. ஆணை எண்ணைக் கேளுங்கள், வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மேற்கே மலையடிவாரக் கிராமங்களில் 'ஹாக்கா' (மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதியும் தேவைப்படும். பண்ணை வீடு என்ற பெயரில் அங்கே கூறுபோட்டு விற்பதை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பத்திரங்களை எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் மூலப் பத்திரம். அதிலிருந்து இன்றைய விற்பனையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். நடுவில் ஒருவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று, அதில் உள்ள எல்லாரின் கையெழுத்தும், பெண் மக்கள் உட்பட. அறுபடுகிற இடம் பெரும்பாலும் இதுதான். "அக்காவுக்கு எப்பவோ நகை போட்டுக் கொடுத்தாச்சு" என்பது பத்திரம் ஆகாது, தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

அடுத்து 30 வருட வில்லங்கச் சான்று. இதில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே வரும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்ற வழக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். பிறகு பட்டா. பெயர், சர்வே எண், பரப்பு மூன்றும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். புலப்பட வரைபடத்தை வைத்து சர்வேயர் அளந்தபின்தான் மீதி. இதையெல்லாம் உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக.

அபார்ட்மென்ட் என்றால் கூடுதலாக இரண்டு. பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி? 1,000 சதுர அடி என்று சொல்லப்படும் ஒரே அளவு வீட்டுக்கு ஒரு கட்டடத்தில் 550 இருக்கும், இன்னொன்றில் 350. வருங்காலத்தில் மதிப்பு ஏறுவது அந்த நிலத்துக்குத்தான். அடுத்து ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் எட்டு வீட்டுக்கு மேலும் இருந்தால் பதிவு கட்டாயம். ஆறு வீடு, எட்டு வீடு கட்டி விற்கிற சின்ன பில்டர்கள் இந்த வலைக்கு வெளியே நிற்கிறார்கள், ஆகவே அங்கே சரிபார்ப்பு முழுக்க உங்கள் தலையில். ரெரா பதிவுள்ள திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது.

அட்வான்ஸிலிருந்து கிரயம் வரை

வங்கியின் மதிப்பீட்டாளர் 45 லட்ச வீட்டை 41 லட்சம் என்று எழுதினால் கடன் 32.8 லட்சமாகச் சுருங்கும். இடையில் 3.2 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? அதனால், கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரி கிரய ஒப்பந்தத்தில் இல்லாமல் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

"பத்திரத்தில் குறைத்துக் காட்டிக்கலாம், மீதி கையில" என்ற யோசனை வரும். 9 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கடன் கணக்கு பத்திர மதிப்பை ஒட்டி வருவதால் கைக்காசுத் தேவை ஏறிவிடும், நாளை விற்கும்போது காட்டாத பணமும் உங்கள் லாபமாகவே தெரிந்து வரி கேட்கும். மதிப்பு 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரியில் கட்ட வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. மறந்தால் அபராதம் உங்களுக்கு. 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஒதுக்குப்புறச் சைட்டுக்கு உதவும்.

பதிவு முடிந்ததும் பட்டா மாற்றம், சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு நான்கிலும் பெயர் மாற்ற வேண்டும். உட்பிரிவு தேவையில்லாத சொத்துக்குப் பட்டா விரைவில் மாறிவிடும், உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்கும்வரை பின்தொடர வேண்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடைசிப் பதிவுகளாக உங்கள் கிரயமும் வங்கி அடமானமும் மட்டும் இருக்க வேண்டும், பெயரும் சர்வே எண்ணும் எழுத்துப் பிழையில்லாமல். பிழை இருந்தால் விற்றவர் ஊரில் இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள்.